எலும்பைப் படிக்கிற வேலை: மலையகத்துப் பிள்ளைகளுக்கு இதுல வழி இருக்கா?

மஸ்கெலியா_நிலா

எல்லாருக்கும் வணக்கம். உயர்தரம் உயிரியல் எழுதி ரிசல்ட்ஸ் வந்திருக்கு. மருத்துவத்துக்கு வெட்டுப்புள்ளி தொடுமா தொடாதான்னு வீட்டுல அதே பேச்சுத்தான். எனக்கு ரொம்ப நாளா இன்னொரு ஆசை இருக்கு. தடயவியல் மானிடவியல். யாழ்ப்பாணம் செம்மணிப் புதைகுழி அகழ்வுச் செய்தி வர வர ஒண்ணு விடாம படிச்சேன். எலும்பைப் பார்த்து ஆணா பெண்ணா, எத்தனை வயசுன்னு எப்படிச் சொல்றாங்கன்னு தெரிஞ்சுக்கணும்னு தோணுது. டிட்வா புயலுக்குப் பிறகு எங்க பக்கத்துலயும் மண்ணுக்குள்ள போனவங்களை இன்னும் தேடுறாங்க.

இந்த வேலை உண்மையில என்ன? எங்க படிக்கிறது? படிச்சா சோறு போடுமா? அம்மா "பொம்பளப் புள்ள எலும்ப அள்ளிக்கிட்டுத் திரியவா படிக்க வெச்சேன்"னு கேக்குறாங்க. அவங்களுக்குச் சொல்றதுக்கும் ஒரு பதில் வேணும்.

சட்டவைத்தியர்

தங்கச்சி, நல்ல கேள்வி. நான் சட்ட மருத்துவத்தில் இருக்கிறேன். டிவியில் காட்டுவதை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஒரு எலும்பு கையில் வந்ததும் நாங்கள் "யார் இவர்?" என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வி கடைசியில்தான் வரும்.

முதல் கேள்வி, இது மனித எலும்பா? தோட்டத்தில் கக்கூஸ் குழி வெட்டும்போது எலும்பு வந்தது என்று பொலிஸ் கொண்டு வருவதில் பன்றியும் ஆடும் மாடும் நிறைய. அடுத்தது, எத்தனை பேர்? குவியலில் மூன்று இடது தொடை எலும்பு இருந்தால் குறைந்தது மூன்று பேர், அவ்வளவுதான் சொல்லலாம். பிறகு, பழையதா புதியதா? அதற்கப்புறம்தான் ஆண் பெண், வயது, உயரம், காயம்.

ஆணா பெண்ணா என்பதற்கு இடுப்பெலும்புதான் நம்பகமான சாட்சி. அதன் பின்பக்கத்தில் ஒரு வளைந்த வெட்டு இருக்கும். மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது அதில் கட்டைவிரலை வைத்து அசைத்துப் பார்க்கச் சொல்வோம். விரல் இங்கும் அங்கும் அசைய இடமிருந்தால் பெண் பக்கம், இறுக்கமாக நின்றால் ஆண் பக்கம். "பக்கம்" என்றுதான் சொல்கிறேன். இடையில் நிற்கும் எலும்புகளும் உண்டு. பருவமடையாத பிள்ளையின் எலும்பாக இருந்தால் பாலினம் சொல்லக் கூடாது. அந்த வயதில் வித்தியாசம் எலும்பில் இன்னும் எழுதப்பட்டிருக்காது.

வயதுக்கு, வளர்கிற பிள்ளைகளில் பல்லும் எலும்பு நுனிகள் ஒட்டுவதும் நல்ல கணக்குத் தரும். காறை எலும்பின் உள்நுனிதான் கடைசியாக ஒட்டும். பெரும்பாலும் இருபதுகளில் நடந்து முப்பதுக்குள் முடிந்துவிடும். அதற்கு மேற்பட்ட வயதென்றால் இடுப்பின் முன்மூட்டுத் தேய்மானத்தைப் பார்க்கிறோம். அப்போது "35 முதல் 50 வரை" என்ற மாதிரி அகலமான விடைதான் வரும். நாற்பத்திரண்டு வயது என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

ராகலை_சிவா

தங்கச்சி, மனசு நோகாம கேளுங்க. இந்த நாட்டுல தடயவியல் மானிடவியலாளர்னு பதவிப் பேர் போட்டு வர்த்தமானியில வேலைக்கு ஆள் எடுத்ததா நான் பார்க்கல. எங்க அக்கா மக பட்டம் முடிச்சிட்டு வேலைக்காக எவ்வளவு காலம் காத்திருந்தான்னு எங்களுக்குத்தான் தெரியும். அப்பா அம்மா கொழுந்து பறிச்சுப் படிக்க வைக்கிறாங்க. ஆசைக்குப் படிக்கிறது வசதி உள்ளவங்களுக்குச் சரி. தாதியோ ஆசிரியரோ முதல்ல கையில ஒண்ணை வெச்சுக்குங்க.

மண்ணோடு_மண்

சிவா அண்ணே சொல்றதுல பாதி சரி. பதவிப் பேர் இல்லைங்கிறது உண்மை. வேலை இல்லைங்கிறது உண்மையில்ல. நான் தொல்லியல் பட்டதாரி, அகழ்வுகள்ல உதவியாளரா நின்னிருக்கேன்.

நம்ம நாட்டுல நடக்கிறது இப்படித்தான். எலும்பு வெளியில வருது, பொலிஸ் நீதவானுக்கு அறிக்கை குடுக்குது, நீதவான் உத்தரவு போட்டாத்தான் தோண்ட முடியும். சட்ட வைத்திய அதிகாரியும் தொல்லியலாளரும் சேர்ந்து வேலை நடத்துவாங்க. 2018ல மன்னார் சதொச வளவு, 2023ல கொக்குத்தொடுவாய், 2025ல செம்மணி சித்துப்பாத்தி, இந்தப் புதைகுழிகள் எல்லாம் இந்த முறைதான். மன்னார்ல 300க்கு மேல, செம்மணியில 200க்கு மேல எலும்புக்கூடுகள். கொக்குத்தொடுவாய் தண்ணிக் குழாய் போட வெட்டின இடத்துல வெளிப்பட்டது. ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான், யாரோ வேற எதுக்கோ தோண்டும்போது வருது. அந்த முதல் மம்பட்டி வெட்டுலயே பாதிச் சாட்சி கெட்டுப் போகுது.

நிலா, உங்களுக்கு ஒண்ணு சொல்லித் தரேன், வேலையோட ருசி தெரியட்டும். பச்சை எலும்பு, அதாவது ஈரமும் கொழுப்பும் உள்ள எலும்பு உடைஞ்சா விளிம்பு வழவழன்னு சாய்வா இருக்கும். உடைஞ்ச முகத்தோட நிறமும் மத்த இடத்து நிறமும் ஒண்ணா இருக்கும். காலம் போய்க் காய்ஞ்ச எலும்பு உடைஞ்சா சொரசொரன்னு, உள்ள வெளிறித் தெரியும். மம்பட்டி பட்ட இடம் அப்படித்தான் வெள்ளையா பளிச்சுன்னு நிக்கும். ஒரு மண்டையோட்டு உடைவை "அடிச்சுக் கொன்னது"ன்னு எழுதுறதா, "நேத்துக் கூலியாள் வெட்டுனது"ன்னு எழுதுறதாங்கிறது இந்த நிறத்துலதான் இருக்கு. ஒரு ஆளைத் தூக்குமேடைக்கு அனுப்பக்கூடிய வித்தியாசம் இது.

நம்ம மலையில இன்னொரு விசயமும் இருக்கு, முள்ளம்பன்றி. எலும்பைக் கடிச்சுக் கொறிக்கிற பழக்கம் அதுக்கு உண்டு. பல் பட்ட இடம் உளி வெச்சுச் செதுக்கின மாதிரி பக்கத்துப் பக்கத்துல பட்டையா கோடு கோடா இருக்கும். தெரியாதவன் கத்தி வெட்டுன்னு எழுதிருவான்.

கொட்டகலை_சேர்

பிள்ளைகளே, நிலா மஸ்கெலியா என்றதால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1974 டிசம்பர் 4. இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றி வந்த டச்சு விமானம் சப்த கன்னியர் மலையில் மோதியது. 182 யாத்திரிகர், 9 சிப்பந்திகள். மொத்தம் 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. இன்றைக்கும் நோட்டன் பக்கம் போகிறவர்கள் அந்த மலையைக் காட்டிக் கதை சொல்கிறார்கள்.

இறந்தவர்களை மலைக்கு அருகிலேயே அடக்கினார்கள். மரபணு அடையாளம் காணும் முறை அதற்குப் பத்து வருடம் கழித்து, 1984ல்தான் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. ஜாவாவில் எத்தனையோ வீடுகளில் தங்கள் ஆளுக்கென்று ஒரு தனி மண் இல்லாமலே போயிருக்கும். உன் ஊர் மலையிலேயே இந்தத் துறைக்கான தேவை கிடந்திருக்கிறது மகள். இது வெளிநாட்டுக்காரர் வேலை என்று யாராவது சொன்னால் அந்த மலையைக் காட்டு.

தேயிலை_மண்

நான் தேயிலை மண் பரிசோதனைப் பக்கம் வேலை செய்றவன். மண்ணைப் பத்தி யாரும் பேசலையேன்னு எழுதுறேன்.

தேயிலைக்குப் புளிப்பு மண் வேணும், புளிப்பை அளக்கிற pH எண் 4.5க்கும் 5.5க்கும் நடுவுல. எலும்போட உறுதியான பகுதி கல்சியம் பொஸ்பேற்று. அமிலத்துல கரையிற சாமான். மழை, புளிப்பு மண், சரிவுல வடிஞ்சுக்கிட்டே இருக்கிற தண்ணி மூணும் சேர்ந்தா எலும்பு நிலைக்காது. யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் நிலம், அங்க எலும்பு நிக்கிற மாதிரி இங்க நிக்கும்னு எதிர்பார்க்க முடியாது. அதோட தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுற நேரம் மலைக்கு டொலமைட் போடுவாங்க, புளிப்பைக் குறைக்க. அப்ப ஒரே தோட்டத்துல ஒரு மலையில ஒரு pH, பக்கத்து மலையில வேற. எலும்பு எடுத்த இடத்துல மண்ணும் எடுக்கலைன்னா "இவ்வளவு கரைஞ்சிருக்கு, அதனால இவ்வளவு பழசு"ன்னு சொல்றதுக்கு அர்த்தமே இல்ல.

சட்டவைத்தியர்

தேயிலை_மண் சொன்னதை இரண்டு கையாலும் ஏற்கிறேன். குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உடல் அழுகும் வேகம் சூட்டைப் பொறுத்தது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம். அங்கே நடப்பதும் கீழே சூடான மகியங்கனையில் நடப்பதும் ஒன்றல்ல. ஈரமான, காற்றுப் புகாத மண்ணில் உடலின் கொழுப்பு வெள்ளை மெழுகு மாதிரி மாறி வருடக்கணக்கில் நிற்கும். மண்சரிவில் இது நடக்கக்கூடியதுதான். அமெரிக்காவில் வில்லியம் பாஸ் 1981ல் டென்னசியில் திறந்தவெளி உடல் ஆய்வு நிலையம் தொடங்கியதிலிருந்து சிதைவுக் கணக்குகள் நிறைய வந்திருக்கின்றன. அவை டென்னசி வெயிலுக்கு எழுதியவை. நம் மலைக்கு நாம்தான் எழுத வேண்டும். ஆய்வு செய்ய ஆசையுள்ள பிள்ளைக்கு இதுவே போதுமான வேலை.

மஸ்கெலியா_நிலா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நோட்ல எழுதி வெச்சுக்கிறேன். ஒரு கேள்வி, தப்பா நினைக்காதீங்க. எலும்பைப் பார்த்துத் தமிழரா சிங்களவரான்னு சொல்ல முடியுமா? ஒரு காணொளியில முடியும்னு சொன்னாங்க.

டண்டீ_தோட்டத்துப்பொண்ணு

முடியாது தங்கச்சி. காணொளியை விடுங்க. ஒரு தீவுல ஆயிரக்கணக்கான வருசம் பக்கத்துப் பக்கத்துல கல்யாணம் கட்டி வாழ்ந்த சனங்களை மண்டையோட்டு அளவுல பிரிக்க முடியாது. மொழியும் மதமும் எலும்புல ஏறாது. கழுத்துல கிடந்த தாயத்து, சட்டைப்பையில இருந்த துண்டு, பக்கத்துல கிடந்த வளையல் ஏதாவது சொல்லலாம். அதுவும் சாடைதான்.

நான் பதுளைப் பக்கத்துத் தோட்டத்துல பிறந்தவ, ஸ்கொட்லாந்து டண்டீயில இதே துறையில முதுகலை படிச்சேன். அங்க எங்களுக்கு முதல்ல சொல்லித் தந்ததே இந்தத் துறையோட கறையைத்தான். மண்டையை அளந்து ஆளைத் தரம் பிரிக்கிற புத்தி இருந்த காலத்துல நம்ம வேடர்களோட மண்டையோடுகளையும் கப்பல் ஏத்திக் கொண்டு போனாங்க. எடின்பரோ பல்கலைக்கழகம் அதுல ஒன்பது மண்டையோட்டை 2019ல வேடர் தலைவர் கையில திருப்பிக் குடுத்துச்சு. இனத்தைப் பத்திக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு அந்த ஒன்பதும்தான் ஞாபகம் வரும்.

உயரக் கணக்கும் அப்படித்தான். தொடை எலும்பு நீளத்தை வெச்சு உயரம் சொல்ற பிரபலமான சூத்திரம் 1952ல வந்தது. அமெரிக்கப் போர்வீரர்கள், அமெரிக்க எலும்புச் சேகரிப்பு, இவங்களை அளந்து எழுதினது. அதை அப்படியே எடுத்து ஒரு கொழுந்துக்காரம்மாவோட தொடை எலும்புல போட்டா விடை பிசகும். சின்ன வயசுல சத்துக் குறைஞ்ச சனங்களுக்கு உடம்போட அளவு விகிதமே வேற மாதிரி இருக்கலாம்.

மாத்தளை_அத்தை

நான் இந்தப் பக்கம் அதிகம் எழுத மாட்டேன், மகன் தட்டச்சுப் பண்ணித் தாறான். எங்க சின்ன அண்ணன் 1989ல காணாமப் போனவர். ஜே.வி.பி. கிளர்ச்சி நடந்த அந்தக் காலத்துல மாத்தளையில என்ன நடந்துச்சுன்னு வயசானவங்களுக்குத் தெரியும். 2012ல மாத்தளை ஆஸ்பத்திரி வளவுல எலும்பு எடுத்தாங்களே, நானும் போய் வேலி ஓரத்துல நின்னேன். முதல்ல அந்தக் காலத்து எலும்புதான்னு சொன்னாங்க. பிறகு ரொம்பப் பழசு, 1950க்கும் முந்தினதுன்னு சொன்னாங்க. ரெண்டுல எது உண்மை? படிச்ச பிள்ளைங்க இருக்கீங்க, எனக்கு விளங்குற மாதிரி சொல்லுங்க.

மண்ணோடு_மண்

அம்மா, தெரிஞ்சதை மட்டும் சொல்றேன்.

2012 நவம்பர்ல கட்டட வேலைக்குத் தோண்டும்போது வெளிவந்தது. 150க்கு மேற்பட்டவங்களோட எச்சம். அகழ்வை நடத்தின பேராசிரியர் ராஜ் சோமதேவ, கூடக் கிடைச்ச பொருள்களை வெச்சு 1986க்கும் 1990க்கும் இடைப்பட்ட காலம்னு அறிக்கை குடுத்தார். பிறகு சோதிக்கிறதுக்கு எலும்புத் துண்டுகளை மாதிரியா எடுத்து அமெரிக்க ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாங்க. காபன் முடிவு 1950க்கு முந்தினதுன்னு வந்துச்சு, ஜனாதிபதி ஆணைக்குழு அந்தப் பக்கம் நின்னுது.

காபன் கணக்கு எப்படின்னா, உயிரோட இருக்கிற எல்லாத்துலயும் காபன்-14னு ஒரு சாமான் கொஞ்சம் இருக்கும். செத்த பிறகு அது மெல்ல மெல்லக் குறையும், பாதியாக 5,730 வருசம். சாதாரணமா இந்தக் கணக்கு பழங்காலத்துக்குத்தான் உதவும். ஆனா 1950கள்ல இருந்து வல்லரசுகள் அணுகுண்டு வெடிச்சுச் சோதிச்சதால காத்துல காபன்-14 ஏறிப் போச்சு. 1963 வாக்குல முன்ன இருந்ததைவிட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதுக்குப் பிறகு வளர்ந்த ஒவ்வொரு மரம், மாடு, மனுசன் எலும்புலயும் பல்லுலயும் அந்தக் கூடின அளவு பதிஞ்சிருக்கும்.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். 1989ல இருபது வயசுல செத்த ஒரு பையன் 1969ல பிறந்திருப்பான். அவன் தின்ன சோறு, குடிச்ச பால் எல்லாமே குண்டுக்குப் பிறகானது. அவன் எலும்புல அந்தக் கூடின காபன் இருந்தே ஆகணும். அதனால ஒரு எலும்பு உண்மையிலேயே 1950க்கு முந்தினதுன்னு சரியா வந்திருந்தா, அந்த எலும்பு அந்தப் பையனோடது இல்ல. மத்த நூத்தைம்பது பேரைப் பத்தி அந்த ஒரு எலும்பு என்ன சொல்லும்? எத்தனை பேர்கிட்ட இருந்து மாதிரி எடுத்தாங்க, எந்த அடுக்குல இருந்து எடுத்தாங்க, பல் அனுப்பினாங்களாங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. பல்லோட எனாமல் சின்ன வயசுல ஒரு தடவை உருவாகி அதோட நிக்கும், மாறாது. குண்டுக் காலத்துக்குப் பிறகு பிறந்தவங்களுக்குப் பிறந்த வருசத்தையே ஓரிரு வருச வித்தியாசத்துல சொல்லலாம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பல் வீதம் பார்த்திருந்தா இந்தச் சண்டையே வந்திருக்காதுங்கிறது என் கருத்து.

மன்னார்லயும் காபன் முடிவு வந்துச்சு, 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டதுன்னு. அது 2019. அங்கயும் ஒரு கூட்டம் ஏத்துக்குச்சு, ஒரு கூட்டம் ஏத்துக்கல. ஆய்வுகூடத்தோட எண்ணை மட்டும் கையில குடுத்து "வாயை மூடு"ன்னு சொன்னா எந்தத் தாயும் மூட மாட்டா. எண் எப்படி வந்துச்சுன்னு தமிழ்லயும் சிங்களத்துலயும் உக்கார்ந்து சொல்லியிருக்கணும்.

பல்வைத்தியர்_பண்டாரவளை

பல்லைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது, அதனால் நானும். புளிப்பு மண்ணில் கடைசி வரை நிற்பது பல்தான். தீயிலும் அப்படியே. அடைத்த பல், கட்டின பல், முன்பல் உடைவு எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு. அதனால்தான் வெளிநாட்டு விபத்துகளில் பல் பதிவை வைத்து ஒரு வாரத்தில் பெயர் சொல்லிவிடுகிறார்கள்.

நம் தோட்டங்களில் யாருக்குப் பல் பதிவு இருக்கிறது? வலி வந்தால் கிராம்பு, தாங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் பிடுங்கல். எந்தப் பல்லைப் பிடுங்கினோம் என்ற துண்டு வீட்டில் இருக்காது. வெற்றிலைக் கறை பல்லில் அழியாமல் நிற்கும், உண்மை. ஆனால் ஒரு லயத்தில் பாதிப் பெரியவர்கள் வெற்றிலை போடுகிறவர்கள். யார் என்று அது சொல்லாது, யார் இல்லை என்று சில நேரம் சொல்லும்.

டண்டீ_தோட்டத்துப்பொண்ணு

பல் டொக்டர் தொட்ட இடத்துலதான் நான் சொல்ல வந்ததும் இருக்கு. இந்த இழை முழுக்க எலும்பைப் பத்தியே பேசுறோம். எலும்பு பாதிதான். மத்தப் பாதி உயிரோட இருக்கிறவங்க வாயில இருக்கு.

ஆள் அடையாளம்னா ஒப்பிடுறது. எலும்புல ஒரு பழைய முறிவு இருக்குன்னு நான் கண்டுபிடிச்சிட்டேன். சரி, யாருக்கு அந்த முறிவு இருந்துச்சு? அதை யாராவது சொன்னாத்தானே? மண்சரிவுக்குப் பிறகு குடும்பங்கள்கிட்ட விபரம் எடுக்க மொழி உதவிக்குக் கொஞ்ச நாள் போயிருந்தேன். படிவத்துல "எலும்பு முறிவு ஏதும் உண்டா"ன்னு ஒரு கட்டம். ஒரு அம்மா "இல்ல"ன்னு சொல்லிட்டாங்க, எழுதுறவங்களும் "இல்லை"ன்னு எழுதிட்டாங்க. நான் கொஞ்சம் உக்கார்ந்து "மகன் சின்னதுல எங்கயாவது விழுந்தாராம்மா"ன்னு கேட்டேன். "கொய்யா மரத்துல இருந்து விழுந்தான், நாட்டு வைத்தியர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போய் மூங்கில் பத்தை வெச்சுக் கட்டினோம், கை கொஞ்சம் கோணலாத்தான் சேர்ந்துச்சு"ன்னு சொன்னாங்க. எந்தக் கைன்னு கேட்டதுக்கு அவங்க வாயால சொல்லல, அவங்க இடது கையைத் தூக்கி மணிக்கட்டுக்கு மேல நாலு விரல் தள்ளித் தொட்டுக் காட்டினாங்க. எக்ஸ்ரே இல்லாத வீட்டுக்கு அதுதான் எக்ஸ்ரே.

அந்தக் கேள்வியை அப்படிக் கேக்க லயத்து வீட்டுப் பேச்சு தெரிஞ்ச ஒருத்தர் வேணும். பேர் விசயமும் அப்படித்தான். பிறப்புச் சான்றிதழ்ல ஒரு பேர், அடையாள அட்டையில ஒரு பேர், தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோல்ல துரை எழுதின ஒரு பேர், வீட்டுல கூப்பிடுற பேர் வேற. வெளியாளுக்கு இது நாலு ஆள். காணாமப் போனவங்க பட்டியல்ல ஒரே ஆள் ரெண்டு தடவை வர்றதும், ஒரு ஆள் வராமலே போறதும் இதாலதான்.

ஆர்ஜென்டினாவுல இராணுவ ஆட்சி முடிஞ்ச பிறகு, 1984ல கிளைட் ஸ்னோங்கிற அமெரிக்க நிபுணர் போய் மாணவர்களைக் கூட்டிக் கத்துக் குடுத்தார். அந்த ஊர்ப் பிள்ளைகள். பெரிய டிகிரி வெச்சிருந்தவங்க இல்ல. காணாமப் போனவங்களோட தாய்மார், பாட்டிமார்கிட்ட உக்கார்ந்து பேசத் தெரிஞ்சவங்க. அந்தக் குழு பிறகு உலகம் பூரா போய் வேலை செஞ்சுச்சு. நிலா, உங்களுக்கு வெட்டுப்புள்ளி எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது, ஆனா அந்த அம்மா கையைத் தூக்கிக் காட்டினா உங்களுக்குப் புரியும். அது படிச்சு வர்ற தகுதி இல்ல.

ராகலை_சிவா

அக்கா எழுதினதைப் படிச்சுட்டு வீட்டுல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில 2014 ஒக்டோபர் 29 மண்சரிவுல மண்ணுக்குள்ள போனதுல எங்களுக்குத் தெரிஞ்ச குடும்பமும் இருக்கு, எல்லாரையும் எடுக்கவே இல்ல. தேவை இல்லைன்னு நான் சொல்லல. ஆனா என் கேள்வி அப்படியே நிக்குது. மாசக் கடைசியில சம்பளம் எங்க இருந்து வரும்?

சட்டவைத்தியர்

சிவா கேட்பது நியாயம். அதனால் சம்பளத்தை வைத்தே வழி சொல்கிறேன்.

மருத்துவம் கிடைத்தால், நிலா, கண்ணை மூடிக்கொண்டு போங்கள். எம்.பி.பி.எஸ். முடித்து, கொழும்பு பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் சட்ட மருத்துவத்தில் டிப்ளோமாவோ எம்.டி.யோ செய்து சட்ட வைத்திய அதிகாரி ஆகலாம். நிரந்தர அரச பதவி. எலும்பும் உங்களிடம்தான் வரும், நீதிமன்றமும் உங்களைத்தான் கூப்பிடும். நுவரெலியா, பதுளை இரண்டும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால் வெட்டுப்புள்ளி கொழும்பு மாதிரி ஏறாது. இன்னொரு தடவை எழுதவும் யோசியுங்கள்.

பல் மருத்துவம் கிடைத்தால் அதுவும் வாசல்தான், பேராதனையில் பீடம் இருக்கிறது. கதிர்ப்பட வேலை, மருத்துவ ஆய்வுகூட வேலை இரண்டுக்கும் பேராதனையில் பட்டம் உண்டு. அங்கிருந்து மரபணுப் பக்கம் போகலாம், மூலக்கூற்று உயிரியல் படித்தும் போகலாம். அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தில் அந்த வேலை இருக்கிறது. தொல்லியல் வழியை மண்ணோடு_மண் தம்பி சொல்லட்டும்.

முழுநேரமும் எலும்பு மட்டும் பார்க்கும் வேலை உலகத்திலேயே குறைவு. அமெரிக்காவில்கூட இவர்களில் நிறையப் பேர் பல்கலைக்கழகத்தில் படிப்பித்துக்கொண்டு, பொலிஸ் கூப்பிடும்போது போகிறவர்கள். மற்றபடி செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு, 1996ல் பொஸ்னியப் போருக்குப் பிறகு தொடங்கிய காணாமல் போனோருக்கான சர்வதேச ஆணைக்குழு மாதிரியான இடங்கள். ஆகவே முதல் பட்டம் வயிற்றுக்கு. எலும்பு அதன் மேல் ஏற வேண்டிய இரண்டாவது மாடி.

மண்ணோடு_மண்

தொல்லியல் வழி கஷ்டமானது, மறைக்கல. யாழ்ப்பாணம், பேராதனை, களனி மூணுலயும் படிக்கலாம். களனியோட தொல்லியல் பட்டப்பின் நிறுவகம் கொழும்புல இருக்கு. திணைக்கள வேலை கிடைச்சா உறுதி, இல்லாட்டி ஒப்பந்தம் ஒப்பந்தமாத்தான் ஓடும். உயிரியல் படிச்ச பிள்ளை டொக்டர் சொன்ன பக்கம் போறதுதான் புத்தி.

சிங்களமும் இங்கிலீசும் இப்பவே நல்லாப் பிடிச்சுக்குங்க. நம்ம பக்கத்து நீதிமன்றங்கள்ல பெரும்பாலும் சிங்களம், அறிக்கை இங்கிலீசு, குடும்பம் தமிழ். மூணுலயும் நிக்கத் தெரிஞ்ச ஆளுக்கு இந்தத் துறையில மதிப்பு அதிகம்.

மஸ்கெலியா_நிலா

அக்கா எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சேன். ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு எங்க பாட்டிக்குக் கழுத்து எலும்பு தேய்ஞ்சது கூடைக் கயிறு இழுத்து இழுத்துத்தானான்னு கேட்டாங்க. அதுவும் எலும்புல தெரியுமான்னு கேக்குறாங்க.

டண்டீ_தோட்டத்துப்பொண்ணு

தெரியலாம். தலையில பாரம் மாட்டி வருசக்கணக்கா சுமந்தவங்களுக்குக் கழுத்து முள்ளெலும்பு ஓரத்துல கூர் வளர்ந்து, மூட்டு முகம் தேய்ஞ்சு போகலாம். ஆனா வயசானாலும் அதே மாதிரிதான் தேயும். அதனால ஒரு கழுத்தெலும்பைப் பார்த்து "இவங்க கொழுந்து பறிச்சவங்க"ன்னு அறிக்கையில எழுத மாட்டேன், எழுதவும் கூடாது. அம்மாகிட்ட சொல்லுங்க, பாட்டியோட கழுத்துல எந்தப் பக்கம் நோவு, எந்தக் கை மரத்துப் போகுதுன்னு ஒரு கொப்பியில திகதியோட எழுதி வைக்கச் சொல்லி. அப்படியே வீட்டுல ஒவ்வொருத்தருக்கும் ஒரு பக்கம். முறிவு, அறுவைச் சிகிச்சை, பிடுங்கின பல், எல்லாப் பேரும். பல்லுத் தெரியச் சிரிக்கிற போட்டோ ஒண்ணு. இப்ப மழைக்கு எந்த மலை எப்ப சரியும்னு சொல்ல முடியாத காலம். அந்தக் கொப்பியோட ஒரு பிரதி வேற ஊர்ச் சொந்தக்காரங்க வீட்டுலயும் இருக்கட்டும்.

மாத்தளை_அத்தை

காபன் விசயம் இப்பத்தான் விளங்குச்சு தம்பி, யாரும் இப்படிச் சொல்லல. எங்க அம்மா இன்னும் இருக்காங்க, தொண்ணூறு தாண்டிட்டாங்க. அவங்க போனா அண்ணனை அடையாளம் காண வழி இல்லாமப் போகுமா?

சட்டவைத்தியர்

அம்மா, தாயின் மரபணு மாதிரி கையில் இருப்பது எல்லாவற்றிலும் நல்லது. அவர்கள் இல்லாவிட்டாலும் வழி அடையாது. தாய்வழியாக மட்டும் இறங்கும் ஒரு மரபணு இருக்கிறது. உங்கள் அம்மாவிடமிருந்து அது உங்களுக்கும் வந்திருக்கிறது, அண்ணனுக்கும் போயிருக்கிறது. உங்கள் அக்கா தங்கை பிள்ளைகளிடமும் இருக்கும். சகோதரர் நாலைந்து பேர் கொடுத்தால் கணக்கு இன்னும் இறுகும்.

ஆனால் உங்கள் அண்ணனைப் பற்றி அம்மாவுக்கு மட்டும் தெரிந்தவை இருக்கும். அதை இந்த வாரமே மகனை விட்டுக் குரல் பதிவு செய்யச் சொல்லுங்கள். முறிவு, பல், தழும்பு, உயரம் யாரளவு, கடைசியாகப் போட்டிருந்த உடுப்பு, இடுப்புப் பட்டி. ஞாபகம் இல்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், அடுத்த நாள் கேளுங்கள். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் அண்ணனின் பெயர் பதியப்படவில்லை என்றால் பதியுங்கள். 1989 ஆனாலும் பதியலாம், வடக்கு கிழக்குக்கு மட்டுமான அலுவலகம் அல்ல அது. அண்ணனின் எல்லாப் பெயர்களையும் எழுதுங்கள், வீட்டில் கூப்பிட்ட பெயர் உட்பட. எழுதிய படிவத்தின் பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள்.

மாத்தளை_அத்தை

சரிங்க டொக்டர். அண்ணனுக்கு மேல்வரிசையில ஒரு பல் பின்னால தள்ளி முளைச்சிருந்துச்சு. வலப் பக்கமா இடப் பக்கமான்னு அம்மாகிட்ட கேட்டுட்டு வந்து எழுதுறேன்.